தலைக்கு இறங்கிய மேகம்

(சங்கரன்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ‘மப்பு’ என்ற தலைப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வரும் வழியில் மேற்கே பார்த்தேன். மலைப்பக்கம் கருத்துக் கிடக்கிறது. ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும், தென்காசிக்காரர்கள் குடை பிடிப்பார்கள். அந்த மேகம் கிழக்கே நகர்ந்து நம் ஊருக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அதில் மழை இருக்காது. வெயிலை மறைக்கும், காற்றை ஏவிவிடும், ஒரு சொட்டு விழாது. இந்த வானத்துக்கு நம் கரிசல்காட்டு மக்கள் வைத்த பெயர்தான் இன்றைய பேச்சின் தலைப்பு. மப்பு.

அழைப்பிதழ் அச்சடிக்கக் கொண்டுபோன தம்பி இரண்டு தடவை போன் செய்து கேட்டார். “சார், இந்தத் தலைப்பையேதான் போடவா? பொம்பளைங்க, பிள்ளைங்கள்லாம் வருவாங்களே.” அவர் கேட்டதில் தப்பே இல்லை. இன்றைக்கு மப்பு என்றால் நம் காதில் விழும் பொருள் ஒன்றே ஒன்றுதான். ‘ஆளு மப்புல இருக்கான்’, ‘மப்பு ஏறிருச்சு’, ‘மப்பு இறங்கட்டும், காலைல பேசிக்கிடலாம்’. சினிமாவிலும் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் இந்தப் பொருளில்தான் கேட்கிறோம். வீட்டுக்குள் சொல்லத் தயங்குகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ‘மழைக்காலம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவன், ‘காலையிலிருந்து வானம் மப்பாக இருந்தது’ என்று தொடங்கியிருந்தான். சிவப்பு மையில் அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதினேன். எழுதியதோடு விடாமல் வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்றான். குரல் கம்மிப்போய்ச் சொன்னான்: “சார், எங்க தாத்தா வானத்தப் பாத்துத்தான் அப்படிச் சொல்லும். தாத்தா குடிக்காது சார்.”

அன்று சாயங்காலம் பேரகராதியைத் திறந்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் உள்ள அந்த அகராதியில் மப்பு என்பதற்கு மந்தாரம் என்று பொருள் இருக்கிறது. மேகம் மூடிய வானம். பையனுடைய தாத்தா சொன்னது அகராதிப் பொருள். நான் அடித்தது தமிழ்ச் சொல்.

யோசித்தால், இதற்கு அகராதியே வேண்டியதில்லை. ‘மப்பும் மந்தாரமுமா இருக்கு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஏறக்குறைய ஒரே பொருளுள்ள இரண்டு சொல்லை இணைத்துச் சொல்வது தமிழின் வழக்கம். குண்டும் குழியும், ஈரமும் சதசதப்பும் என்பதுபோல. அந்த இணையில் மந்தாரம் மட்டும் மரியாதையோடு தங்கிவிட்டது. மப்பு கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

நம் பகுதிக்கு இன்னொரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் சுற்றிலும் ஏராளம். நாயக்கர் காலத்தை ஒட்டி வடக்கேயிருந்து வந்து கரிசலைத் திருத்தியவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய வருகையைத்தான் கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக எழுதினார். அந்த வீடுகளில் மேகத்துக்கு என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள். ‘மப்பு’தான், பகரத்தை அழுத்தி, ‘மம்பு’வுக்கும் ‘மப்பு’வுக்கும் நடுவே நிற்கும் ஒலியோடு சொல்வார்கள். தெலுங்கில் அது குடிகாரச் சொல் அல்ல, சின்னப் பிள்ளை சொல்லும் மேகம். கன்னடத்தில் அதே சொல் மங்கல், அரையிருட்டு, மந்தம் என்ற பொருளில் வழங்குகிறது. விடிவதற்கு முந்தின இருட்டையும் சொல்லும், ஆளின் மந்தத்தையும் சொல்லும். ஆக மூன்று மொழிக்காரர்களும் ஒரே சொல்லை வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஒரு குடும்பத்துச் சொத்து, மூன்று வீட்டிலும் இருக்கிறது.

இனி அந்தத் தாத்தாவின் கண்ணால் வானத்தைப் பார்ப்போம். மானாவாரிக்காரனுக்கு மப்பு என்பது மழை அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மழை மேகத்துக்கு ஒரு குணம் உண்டு. கருக்கும், காற்று திரும்பும், மின்னும், மண்வாசம் வரும், பெய்யும், பிறகு வெளிவாங்கும். மப்பு அப்படி இல்லை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நிழல் தரையில் விழாது. களத்தில் காயப்போட்ட உளுந்து காயாது. வத்தல் பரப்பியவள் அள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பாள். மப்பு நாலு நாள் நீண்டால் பருத்தியில் அசுவினி அடையும், துவரையில் பூ நிற்காது. ‘பெஞ்சாலும் பெய்யட்டும், காஞ்சாலும் காயட்டும், இந்த மப்பு மட்டும் ஆகாது’ என்று ஒரு சம்சாரி என்னிடம் சொன்னார். இரண்டுங்கெட்டான் நிலை. தெளிவு இல்லாத நிலை.

குடித்தவன் தலைக்குள் இருப்பதும் இதுதானே. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கண் திறந்திருக்கும், பார்வை நிற்காது. வாய் பேசும், பேச்சு முளைக்காது. வானத்துக்கு வைத்த பெயரை ஆளுக்கு வைத்தவர் யாரோ, அவர் வானத்தையும் ஆளையும் நன்றாகப் பார்த்தவர்.

இந்த இடத்தில் பழைய சொற்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். சங்க காலத்தில் குடியின் மயக்கத்துக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று மகிழ். ஆம், நாம் இன்று பிறந்தநாள் வாழ்த்தில் எழுதும் அதே மகிழ்ச்சியின் வேர்ச்சொல். அரசன் பகலில் கள்ளருந்திப் பாணரும் புலவரும் சூழ வீற்றிருக்கும் அவைக்கு நாள்மகிழ் இருக்கை என்று பெயர். தர்பாருக்கே குடியின் பெயர்! வள்ளுவர் இந்தச் சொல்லைக் காமத்துப்பாலில் எடுத்தாளுகிறார். கள் உண்டவனுக்கு மட்டும்தான் மகிழ் தரும், காதலோ கண்ட மாத்திரத்திலேயே தரும் என்கிறார். இன்னொரு சொல் களி. கள்ளும் களிப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் குடித்தவனைக் களித்தவன் என்கிறார். அவனுக்குக் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதுபோல என்கிறார்.

புறநானூற்றின் 235ஆம் பாட்டில் அதியமான் இறந்தபின் ஒளவையார் அழுகிறார். அழும்போது முதலில் நினைவுக்கு வருவது அவன் கள்ளைப் பகிர்ந்த விதம். குறைவாகக் கிடைத்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் புலவருக்கே கொடுத்துவிடுவானாம். அங்கே குடி உறவின் அடையாளமாக நிற்கிறது. அந்த உலகத்தில் அதற்கு மகிழ் என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

கவனியுங்கள். மகிழும் களியும் குடித்தவன் தனக்குள் உணர்வதைச் சொல்லும் சொற்கள். மப்பு அப்படியல்ல. அது வெளியே நின்று பார்ப்பவரின் சொல். முற்றத்தில் நின்று கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்க்கிறவள், அதே கண்ணால் வாசலில் வந்து நிற்கும் புருஷன் முகத்தைப் பார்க்கிறாள். இன்றைக்கு எப்படி, இடியா, காற்றா, சும்மா மூட்டம்தானா என்று கணிக்கிறாள். குடிகாரன் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணிப்பு தெரியும். படி ஏறும் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பின்னாளில் குடிப்பவர்களும் ‘மப்பே ஏறல’ என்று அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் இருப்பது பார்த்தவரின் கண். நான் இந்தச் சொல்லை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாயிரம் ஆண்டு மகிழ்ச்சி என்று சொல்லிவந்த ஒன்றை, மூட்டம் என்று சொல்ல ஒரு சொல் வந்தது.

பல இடங்களில் மனிதன் குடிமயக்கத்துக்குப் பெயர் வைப்பது தன் தொழிலைக் கொண்டு. பாய்மரக் கப்பலில் பாயைக் கட்டிநிறுத்தும் கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் கப்பல் தள்ளாடும். ஆங்கிலேய மாலுமிகள் குடித்துத் தள்ளாடுபவனை மூன்று கயிறும் காற்றில் என்றார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1737இல் தன் பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில் குடிவெறியைக் குறிக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களையும் தொடர்களையும் பட்டியலாக அச்சிட்டார். தொழிலோடு சேராத பெயரும் உண்டு: யாழ்ப்பாணத்தில் இன்றும் வெறி என்பதுதான் வீட்டு வழக்கு. ‘அவர் வெறியில நிக்கிறார்’ என்பார்கள். ஓயாமல் குடிப்பவர் வெறிக்குட்டி. வேலன் முருகேறி ஆடும் வெறியாட்டில் நின்ற பழைய சொல் அங்கே இப்படி வாழ்கிறது. கடல்காரனுக்குக் கயிறு. நமக்கு வானம்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கோபுரம் தெரிகிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் அரி பெரியவரா, அரன் பெரியவரா என்று வாதாடிய தலம். அந்த வாதம் தீர, கோமதியம்மன் தவமிருந்து, இருவரையும் ஓருருவாகச் சங்கரநாராயணராகக் கண்ட தலம். பாம்புக்கடிக்கும் தோல் நோய்க்கும் புற்றுமண் வாங்கிப்போக வருகிறார்கள். விஷத்தைப் பற்றி நாம் பேசும் வினைச்சொற்களை நினைத்துப் பாருங்கள். விஷம் ஏறும், விஷம் இறங்கும். தலைக்கேறினால் ஆபத்து. மப்பும் ஏறும், மப்பும் இறங்கும், தலைக்கேறும்.  விஷமும் போதையும் சாமியும் ஒரேபோல ஏறி இறங்குகின்றன. மனிதன் தன் வசம் இல்லாத மூன்று நிலைக்கும் ஒரே வினையை வைத்தவர்கள் நம் முன்னோர். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

‘தெளிதல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சிறு வயதில் பனைவிளையில் நின்று பார்த்திருக்கிறேன். பனையேறி இடுப்பில் பாளை சீவும் அரிவாளும் சுண்ணாம்புக் குடுவையுமாக ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். அந்தச் சுண்ணாம்புதான் எல்லாம். தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். காலையில் பட்டையில் ஊற்றிக் குடித்தால் சர்க்கரையாக இனிக்கும். தடவாத கலயத்தில் அதே பாளையின் அதே நீர், காற்றில் இருக்கும் நுண்ணுயிர் விழுந்து, சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும். மரம் ஒன்று, சொட்டும் ஒன்று. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

கொங்குப் பக்கம் பதநீருக்குத் தெளுவு என்று பெயர். தெளிவு என்பதன் பேச்சு வடிவம். சங்க இலக்கியத்தில் வடித்துத் தெளிவித்த உயர்ந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர்; யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவையும் தேறல் என்றே புலவர் பாடினர். தேறுதல் என்றால் தெளிதல். பாத்திரத்தில் இருக்கும்போது அது தேறல். தலைக்குள் போனபின் மப்பு. பிறகு போதை தெளிய வேண்டும், வானம் தெளிவதுபோல, கலங்கிய குளத்துநீர் தெளிவதுபோல. வானத்துக்கும் நீருக்கும் மதுவுக்கும் மனசுக்கும் தமிழ் இந்த ஒரே வினையைக் கொடுத்திருக்கிறது. மட்டை என்ற சொல்லும் பனையடியில் பிறந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ‘ஆளு மட்டையாயிட்டான்’ என்கிறோம். காய்ந்த பனைமட்டை சரேலென்று விழுந்து அசையாமல் கிடப்பதைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம்.

மதுவுக்குச் சட்டம் வந்த கதை நீங்கள் அறிந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்தக் காலத்தில் பிறந்த சொற்களைப் பாருங்கள். மதுவிலக்குக் காலத்தில் ஒளித்துச் செய்ததால் ஊறல், பட்டைச் சாராயம் என்று செய்முறைச் சொற்கள் வந்தன. கடை வந்தபின் அளவுச் சொற்கள் வந்தன. 180 மில்லி குவார்ட்டர், 375 ஆஃப், 750 ஃபுல். குவார்ட்டரை இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 90, அது கட்டிங். சரக்கு என்ற சொல் செட்டியார் கடைப் பலசரக்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. தண்ணீர் என்ற, உயிருக்குச் சமமான சொல்லும் இதற்குத் தப்பவில்லை. ‘தண்ணி போட்டிருக்கான்’ என்றால் யாரும் தாகம் என்று நினைப்பதில்லை. மகிழ், களி, தேறல் என்று உணர்வும் சுவையும் சொன்ன மொழி, மில்லிக்கணக்கு சொல்லத் தொடங்கியது. இந்த அளவுச் சொற்களில் மரமும் இல்லை, வானமும் இல்லை. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும்; கடைப் புட்டியில் 42.8 என்று அச்சடித்திருக்கிறது. மூட்டத்தின் கனம் அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது.

ஒரு செய்தியைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. அதனால்தான் இத்தகைய நோயாளிகள், கண் மங்குது, ஒண்ணும் தெரியல என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். மப்பு என்றால் மங்கல் என்று கன்னட வழக்கைச் சொன்னேன் அல்லவா. அங்கே அது உவமையாக இல்லை. உண்மையாகவே இருட்டியது. அந்த வீடுகளில் சிலவற்றில் தாயும் தகப்பனும் சேர்ந்தே போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று யாரும் இந்தச் சொல்லைச் சிரிப்புக்காகச் சொல்ல முடியாது.

திரையில் மப்பு என்ற சொல் வந்தாலே கைதட்டல் எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லைத் தடை செய்யச் சொல்லவில்லை. சொல்லுக்கு அதன் வானத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன். தன் ஊரான இடைசெவலில் இருந்துகொண்டு கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார்.  பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டியதை ஒரு சம்சாரி செய்தார். ஒரு சொல்லுக்கு முதற்பொருள் மறந்துபோனால் அந்தப் பொருளைக் கண்டுசொன்ன பார்வையும் மறந்துபோகிறது. இன்று நம் பிள்ளைகள் வானிலையைச் செல்போனில் பார்க்கிறார்கள். அதில் ஒரு மேகப் படம் இருக்கும். அதற்குத் தமிழில் ‘மேகமூட்டம்’ என்று எழுதியிருக்கும். மூட்டத்திலேயே எத்தனை வகை என்று அதில் இருக்காது. மப்பு, மந்தாரம், மூடாக்கு, கருக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலையை வைத்திருந்தார்கள் நம் பாட்டன்மார். எதில் விதைக்கலாம், எதில் களத்தை மூடவேண்டும் என்று அந்தப் பெயரிலேயே தெரிந்தது.

அந்தப் பையனின் நோட்டை மறுநாள் வாங்கினேன். சிவப்பில் அடித்திருந்த இடத்துக்கு மேலே, ‘மப்பு = மந்தாரம், சரியான சொல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் வாசித்தும் காட்டினேன். அவன் தாத்தாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, வானத்துக்கும் காற்றுக்கும் முப்பத்தேழு சொல் எழுதிக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புதுசு. அவர் இப்போது இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில், தெருவில், எழுபது வயது தாண்டியவர்கள் இருப்பார்கள். இந்த வாரத்திலேயே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மேகத்துக்கு என்னென்ன பெயர், காற்றுக்கு என்னென்ன பெயர், பனையில் என்னென்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். எந்த ஊர், யார் சொன்னது, என்றைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கொச்சை என்று எதையும் விடாதீர்கள். இந்த வாசகசாலையில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் மப்பு என்று நான் எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கங்களை நீங்கள் வந்து எழுதுங்கள்.